அங்கிள்னா தாய்மாமன், ஆன்ட்டின்னா அத்தை: எட்டிமான்லைன் ஒரு வருஷம் யூஸ் பண்ணின அனுபவம்

முதல்லயே சொல்லிடறேன், இது இங்கிலீஷ் பேசக் கத்துக்குடுக்கற ஆப்போட ரிவ்யூ இல்ல. அடிக்கடி காதுல விழாத இங்கிலீஷ் வார்த்தைங்க இருக்குல்ல, ஒரு நல்ல கட்டுரை படிக்கும்போது நடுவுல வந்து கால்ல கல்லு இடறின மாதிரி நிறுத்தற வார்த்தைங்க, அதெல்லாம் எங்கேருந்து வந்துச்சு, என்ன அர்த்தம், இப்ப எந்த இடத்துல சொன்னா பொருந்தும்னு பாக்க நான் தினமும் போற சில இடங்கள் இருக்கு. அதுல முதல் இடம் எட்டிமான்லைன்ங்கற வெப்சைட். அதைப் பத்திதான் நிறைய எழுதப்போறேன், மத்த மூணையும் கூடவே சொல்றேன்.

நான் பன்னெண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம். இப்ப கோயம்புத்தூர்ல ஒரு கம்பெனில வெளிநாட்டு கஸ்டமருக்கு மெயில் எழுதற வேலை, பதினாலு வருஷமாச்சு. இங்கிலீஷ் வேலைக்குப் போதுமான அளவுக்கு வந்துடுச்சு, ஆனா அந்த மொழி மேல ஒரு ஆசை வந்தது ரொம்ப லேட்டாதான், பையன் ஏழாவது படிக்கும்போது ராத்திரி அவனோட உக்காந்து படிக்க ஆரம்பிச்சப்போ. அவன் கேக்கற கேள்வி ஒண்ணே ஒண்ணுதான், "ஏம்ப்பா இதுக்கு இந்தப் பேரு?" டிக்‌ஷனரில அர்த்தம் இருக்கும், ஏன்னு இருக்காது.

அப்போ ஒரு வொக்காபுலரி ஆப் வாங்கினேன், பேரு வேண்டாம், வருஷத்துக்கு 1,499 ரூபாய். தினம் அஞ்சு அபூர்வ வார்த்தை, கலர் கலரா கார்டு, ஒரு வரி அர்த்தம், ஒரு வரி "சுவாரசியமான கதை". மூணு மாசம் விடாம பண்ணினோம். நானூறு வார்த்தைக்கு மேல பாத்திருப்போம், யோசிச்சுப் பாத்தா இருபது கூட மனசுல நிக்கல. அதை விட வருத்தமான விஷயம் என்னன்னா அந்தக் கதைங்க. 'பாஷ்'ங்கற வார்த்தை இருக்கே, வசதியான, பகட்டான அப்படிங்கற அர்த்தத்துல, அது 'போர்ட் அவுட் ஸ்டார்போர்ட் ஹோம்' அப்படிங்கற நாலு வார்த்தையோட முதல் எழுத்துன்னு அந்தக் கார்டுல இருந்துச்சு. அதாவது அந்தக் காலத்துல இங்கிலாந்துலேருந்து இந்தியாவுக்குக் கப்பல்ல வர்ற பணக்காரங்க, வரும்போது இடது பக்க கேபின், திரும்பிப் போகும்போது வலது பக்க கேபின் எடுப்பாங்களாம், வெயில் அடிக்காம இருக்க, டிக்கெட்ல அந்த நாலு எழுத்தைக் குத்துவாங்களாம். எவ்வளவு அழகான கதை! நம்ம ஊர் வெயிலும் இதுல இருக்கேன்னு எனக்கு ஒரே சந்தோஷம், ஒரு போன் கால்ல இங்கிலாந்து கஸ்டமர் ஒருத்தர்கிட்ட அதைச் சொல்லவும் சொல்லிட்டேன். அவரு வயசானவரு, பொறுமையா கேட்டுட்டு, "அந்த மாதிரி ஒரு டிக்கெட்டு கூட இதுவரைக்கும் கிடைக்கலப்பா, எட்டிமான்லைன்ல பாருங்க"ன்னு சொன்னாரு. அன்னிக்கு ராத்திரி போய்ப் பாத்தேன். 'பாஷ்'க்கு நேரா, பிறப்பு தெரியலன்னு போட்டிருந்துச்சு, அந்தக் கப்பல் கதைக்கு ஆதாரம் இல்லன்னும் போட்டிருந்துச்சு.

காசு வாங்கினவன் பொய்க்கதை சொல்றான், காசு வாங்காதவன் "தெரியல"ன்னு சொல்றான். அந்த நிமிஷமே ஆப்பை அழிச்சுட்டேன்.

எட்டிமான்லைன் என்னன்னு தெரியாதவங்களுக்காக: இங்கிலீஷ் வார்த்தைங்களோட வேர் அகராதி, வெப்சைட்ல இலவசம், போன்ல பிரவுசர்லயே நல்லா வரும், தனியா ஆப்பும் இருக்கு. டக்ளஸ் ஹார்ப்பர்னு அமெரிக்காவுல பென்சில்வேனியா மாநிலத்துக்காரர் ஒருத்தர் தனியாளா ஆரம்பிச்சது. பெரிய யுனிவர்சிட்டி வேலைன்னுதான் நான் நெனச்சிருந்தேன். ஒரு மனுஷன் உக்காந்து ஒவ்வொரு வார்த்தையா, பழைய அகராதிகளை எல்லாம் ஒப்பிட்டு ஒப்பிட்டு எழுதினதுன்னு தெரிஞ்சப்போ எனக்கு மரியாதை ரெண்டு மடங்காச்சு.

எனக்கு இந்த சைட்டு ஒட்டிக்கிட்டது ஒரே ஒரு வார்த்தையாலதான், அதைக் கொஞ்சம் விரிவா சொல்லணும். 'அவங்க்யுலர்'. ஒரு நாவல் விமர்சனத்துல யாரோ ஒரு தலைவரோட சிரிப்பைப் பத்தி 'அவங்க்யுலர் ஸ்மைல்'னு எழுதியிருந்தாங்க. டிக்‌ஷனரில பாத்தா "அங்கிள் மாதிரியான"ன்னு இருக்கு. அது எப்படி இருக்கும்? நம்ம ஊர்ல அங்கிள்னா பக்கத்து வீட்டுக்காரரும் அங்கிள்தான், பஸ்ல சீட்டு கேக்கறவரும் அங்கிள்தான். எட்டிமான்லைன்ல தட்டினா, லத்தீன்ல 'அவுங்குலுஸ்', அதுக்கு அர்த்தம் அம்மாவோட பொறந்தவன். தாய்மாமன்! அப்பாவோட அண்ணன் தம்பிக்கு லத்தீன்ல வேற வார்த்தை, 'பத்ருஉஸ்'. அதாவது நமக்கு பெரியப்பா சித்தப்பா வேற, மாமா வேறன்னு இருக்கற மாதிரியே ரோமானியங்களுக்கும் இருந்திருக்கு. அந்த 'அவுங்குலுஸ்' பிரெஞ்சு வழியா தேஞ்சு தேஞ்சுதான் 'அங்கிள்' ஆகியிருக்கு. 'பத்ருஉஸ்' அந்தப் பக்கமே வரல. இன்னொரு படி மேல போனா 'அவுஸ்'னா தாத்தா, அதுலேருந்து 'அவுங்குலுஸ்'னா குட்டித் தாத்தா.

அதோட நிறுத்தல நான், உடனே 'ஆன்ட்'டையும் தட்டினேன். லத்தீன்ல 'அமிதா', அப்பாவோட கூடப்பொறந்தவ. அத்தை! அம்மாவோட அக்கா தங்கச்சிக்கு 'மாதெர்தெரா'ன்னு தனிச் சொல்லு இருந்துச்சு, அதுவும் இங்கிலீஷ் வரைக்கும் வந்து சேரல. ஆக இங்கிலீஷ்காரங்க கையில மிஞ்சினது மாமாவும் அத்தையும்தான். பெரியப்பா சித்தப்பா பெரியம்மா சித்தி எல்லாரையும் அந்த ரெண்டு பேருக்குள்ளயே அடைச்சுட்டாங்க. இதைப் படிச்சப்போ ராத்திரி பதினொண்ணு இருக்கும், பையனைத் தூக்கத்துலேருந்து எழுப்பிச் சொல்லணும் போல இருந்துச்சு.

காலைல சொன்னேன். அடுத்த வாரம் என் மச்சான் திருப்பூர்லேருந்து வந்தாரு, அவரு செருப்பைக் கழட்டறதுக்கு முன்னாடியே இவன் ஓடிப்போய், "மாமா, உலகத்துலயே நெஜமான அங்கிள் நீங்கதான், மத்தவங்கள்லாம் டூப்ளிகேட்டு"ன்னான். அவரு ஒண்ணும் புரியாம எங்களைப் பாத்தாரு, விளக்கிச் சொன்னதும், "பின்ன, காது குத்தறதுக்கு மடில வெச்சுக்கிட்டது நானுடா கண்ணு"ன்னு அவனைத் தூக்கிட்டாரு. அந்த 'அவங்க்யுலர் ஸ்மைல்' எப்படி இருக்கும்னு எனக்கு அப்பதான் தெரிஞ்சது. செல்லமும் இருக்கும், உரிமையும் இருக்கும், ஆனா அப்பா அதட்டற அதட்டல் இருக்காது. இப்ப இந்த வார்த்தையை நான் மறக்கவே முடியாது. நானூறு கார்டு செய்யாததை ஒரு வேர் செஞ்சுது, என்னோட ரிவ்யூவுல முக்கியமான பாயிண்டு இதுதான், வேர் தெரிஞ்சா வார்த்தை ஒட்டிக்குது, அதுவும் நம்ம வீட்டுக்குள்ள இருக்கற ஒரு விஷயத்தோட போய்ச் சேர்ந்தா பசை போட்ட மாதிரி ஒட்டிக்குது.

சைட்டைப் படிக்கறதுக்கு கொஞ்சம் பழக்கம் வேணும். ஒவ்வொரு வார்த்தைக்குப் பக்கத்துலயும் ஒரு வருஷமோ நூற்றாண்டோ இருக்கும், அது அந்த வார்த்தை பொறந்த வருஷம்னு நெனச்சுடாதீங்க, எழுத்துல கிடைச்ச முதல் ஆதாரத்தோட காலம் அது. ஜனங்க வாயில அதுக்கு முன்னாடியே பல வருஷம் இருந்திருக்கலாம். அப்புறம் சில வேர்களுக்கு முன்னாடி ஒரு நட்சத்திரக் குறி இருக்கும். அப்படின்னா அந்த வடிவம் எங்கயும் எழுதிக் கிடைக்கல, லத்தீன், கிரேக்கம், சமஸ்கிருதம், ஜெர்மன் எல்லாத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு ஆராய்ச்சியாளருங்க இப்படித்தான் இருந்திருக்கணும்னு கட்டி எழுப்பினதுன்னு அர்த்தம். இந்த ரெண்டும் தெரிஞ்சா போதும், மீதி தானா புரியும். வேரைத் தொட்டா அதே வேர்லேருந்து கிளைவிட்ட மத்த வார்த்தைங்க வரிசையா வரும், அதுல மாட்டினா ஒரு மணி நேரம் போறதே தெரியாது.

அர்த்தம் தலைகீழா மாறின வார்த்தைங்களைப் பாக்கறதுக்கும் இது ரொம்ப நல்ல இடம். 'நைஸ்' லத்தீன்ல 'நெஸ்கியுஸ்'லேருந்து வருது, ஒண்ணும் தெரியாதவன்னு அர்த்தம், இங்கிலீஷ்ல முதல்ல முட்டாள்ங்கற பொருள்லதான் இருந்துச்சு. 'சில்லி' அதுக்கு எதிர்த் திசை, ஆரம்பத்துல மகிழ்ச்சியான, ஆசி பெற்றன்னு அர்த்தம், இப்ப அசட்டுத்தனம். பையன் நம்பவே இல்ல, எப்படிப்பா இப்படி மாறும்னான். நம்ம 'நாற்றம்' மாதிரிதான்டான்னேன், பழைய பாட்டுகள்ல நாறும்னா மணக்கும்னு அர்த்தம், இப்ப மூக்கைப் பொத்திக்கறோம். டக்குனு புரிஞ்சுக்கிட்டான்.

இப்ப கொஞ்சம் சீரியஸான விஷயம். நம்ம குரூப்புகள்ல சுத்தற ஃபார்வர்டு எல்லாரும் பாத்திருப்பீங்க, 'கேஷ்' காசுலேருந்து வந்துச்சு, 'ஒன்' ஒன்றுலேருந்து வந்துச்சு, 'எய்ட்' எட்டுலேருந்து வந்துச்சுன்னு. நானும் முன்னாடி அனுப்பியிருக்கேன். 'கேஷ்'னு தேடிப் பாருங்க. பணம்ங்கற அர்த்தத்துல இருக்கற 'கேஷ்' பிரெஞ்சுல பெட்டின்னு பொருள்படற 'கெஸ்' அப்படிங்கறதுலேருந்து வந்துச்சு, பணப்பெட்டி பணமாச்சு. ஆனா இங்கிலீஷ்ல இன்னொரு 'கேஷ்' இருக்கு, ஆசியாவுல புழங்கின சின்னக் காசுகளுக்கு ஐரோப்பியங்க வெச்ச பேரு, அதுதான் நம்ம காசு, போர்ச்சுகீசியங்க வாய் வழியா போனது. ஒரே எழுத்து, ரெண்டு வேற வேற வார்த்தை. 'ஒன்'னும் 'எய்ட்'டும் லத்தீன் கிரேக்க எண்களோட சொந்தக்காரங்க, எட்டுன்னு காதுக்கு ஒரே மாதிரி கேக்கறது தற்செயல். இதைச் சொன்னா சில பேருக்குக் கோவம் வருது. எனக்குத் தமிழ் மேல இருக்கற பாசம் யாருக்கும் கொறஞ்சது இல்ல, அதனாலதான் சொல்றேன், உண்மையா போன வார்த்தைங்களே நம்மகிட்ட அவ்வளவு அழகா இருக்கு, பொய்ய சேர்த்தா அதையும் யாரும் நம்ப மாட்டாங்க.

கட்டுமரம்தான் 'கேட்டமரான்'. மிளகுத்தண்ணிதான் 'முல்லிகடானி', அந்தக் காலத்து வெள்ளைக்காரங்க சூப்பாக்கி ஊருக்கு எடுத்துட்டுப் போன நம்ம ரசம். சுருட்டுதான் 'ஷெரூட்'. மாணிக்கமும் நீலமும் எந்தக் கனிமத்தோட வகையோ அந்த 'கொரண்டம்', அது நம்ம குருந்தம். இஞ்சிக்கு 'ஜிஞ்சர்'னு பேரு வந்த பாதையை எட்டிமான்லைன் சொல்ற விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும், சமஸ்கிருதத்துல கொம்பு மாதிரி உடம்புன்னு ஒரு விளக்கம் இருக்கறதையும் சொல்லுது, அது பின்னாடி கட்டின விளக்கமா இருக்கலாம், மூலம் பழைய திராவிடச் சொல்லா இருக்கலாம், மலையாளத்துல இஞ்சிவேர்னு இருக்கு பாருங்கன்னும் சொல்லுது. "இருக்கலாம்"னு சொல்றாங்க பாருங்க, அந்த ஒரு சொல்லுக்குத்தான் நான் மதிப்பு குடுக்கறேன்.

இந்த மாதிரி இந்திய மூலம் இருக்கற வார்த்தைங்களுக்கு எட்டிமான்லைன் போதாது, அங்கேருந்து நான் போறது ஹாப்சன்-ஜாப்சன். 1886ல வந்த அகராதி, ஹென்றி யூலும் ஆர்தர் பர்னலும் சேர்ந்து பண்ணினது. பர்னல் சென்னை மாகாணத்துல சிவில் சர்வீஸ்ல இருந்தவரு, தஞ்சாவூர்ல ஜட்ஜா இருந்தாரு, அரண்மனையில இருந்த சமஸ்கிருதச் சுவடிகளுக்கெல்லாம் அட்டவணை போட்டவரு. 1882லயே இறந்துட்டாரு, அச்சுல வந்ததைப் பாக்கக் குடுத்து வைக்கல. புத்தகத்தோட பேருக்கே ஒரு கதை உண்டு, மொகரம் ஊர்வலத்துல "யா ஹசன், யா ஹுசைன்"னு மாரடிச்சுக்கிட்டுப் போறதை பிரிட்டிஷ் சோல்ஜருங்க காதுல வாங்கின விதம்தான் 'ஹாப்சன்-ஜாப்சன்'. சிகாகோ யுனிவர்சிட்டியோட தெற்காசிய டிஜிட்டல் நூலகத்துல இலவசமா தேடலாம், அதே சைட்லயே நம்ம மெட்ராஸ் யுனிவர்சிட்டி தமிழ் லெக்சிகனும் இருக்கு, அதனால ஒரு டேப்ல வெள்ளைக்காரன் என்ன கேட்டான்னு பாத்துட்டு, இன்னொரு டேப்ல நம்ம ஆளு என்ன சொன்னான்னு பாக்கலாம். எனக்குத் தெரிஞ்சு இதுக்கு ஈடான சுகம் வேற இல்ல.

ஆனா அதைப் படிக்கும்போது மனசு கனக்கற இடமும் உண்டு. 'பறையா' அப்படிங்கற இங்கிலீஷ் வார்த்தை, ஒதுக்கி வைக்கப்பட்டவன்னு பேப்பர்ல தாராளமா எழுதறாங்க, ஒரு நாட்டையே 'பறையா ஸ்டேட்'டுன்னு தலைப்புல போடறாங்க. அது நம்ம ஊர்ல ஒரு சமூகத்தோட பேரு, பறைங்கற தோல்கருவிலேருந்து வந்த பேரு. அந்தப் பேரை வசைச்சொல்லா உலகம் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தது இங்கிலீஷ். வேர் தெரிஞ்ச நாள்லேருந்து நான் அதை ஒரு மெயில்லயும் எழுதறது இல்ல, எங்க டீம்ல யாராவது எழுதினாலும் 'அவுட்காஸ்ட்'னு மாத்தச் சொல்றேன், ஏன்னு கேட்டா விளக்கமும் சொல்றேன். புழக்கத்துல இருக்குங்கறதுக்காக எல்லாத்தையும் புழங்கணும்னு இல்ல.

மூணாவது, மெரியம்-வெப்ஸ்டர்ங்கற அமெரிக்க அகராதிக் கம்பெனியோட தினம் ஒரு வார்த்தை மெயில். இதுவும் இலவசம். எட்டிமான்லைன் பழங்கதைக்கு, இது இன்னிக்குப் புழக்கத்துக்கு. உச்சரிப்பு காதால கேக்கலாம், எடுத்துக்காட்டு வாக்கியம் சமீபத்துல பத்திரிகைல வந்ததா இருக்கும், கீழ "உங்களுக்குத் தெரியுமா"ன்னு ஒரு பத்தி வார்த்தையோட வரலாறைச் சொல்லும். தமிழ் மீடியத்துலேருந்து வந்தவங்களுக்கு உச்சரிப்புதான் பெரிய பயம், மீட்டிங்ல வாயைத் திறக்க விடாது, அதனால அந்த ஸ்பீக்கர் பட்டனை அமுக்கி நாலு தடவை கூடவே சொல்லிப் பாக்கறேன்.

ஆபீஸ்ல தப்பா போற வார்த்தைங்களை நான் அதிகமா திருத்திக்கிட்டது இங்கதான். 'எனர்வேட்'னா எனர்ஜி குடுக்கறதுன்னு நெறைய பேரு நெனைக்கறாங்க, நேர் எதிர்ப்பதம், நரம்பை உருவிப் போட்ட மாதிரி தளரவைக்கறது, லத்தீன் மூலத்துலயே நரம்பை எடுக்கறதுன்னுதான் இருக்கு. சித்திரை மாச மத்தியானத்துக்குப் பொருத்தமான வார்த்தை. 'பெரூசல்' நம்ம அரசாங்க லெட்டர்ல வராத இடம் இல்ல, "ஃபார் யுவர் கைண்ட் பெரூசல்", மேலோட்டமா பாருங்கன்னு சொல்ற மாதிரி பல பேரு எழுதறாங்க, அது ஊன்றி முழுசா படிக்கறதுக்கான சொல்லு, ஆனா இப்ப ரெண்டு பொருள்லயும் புழங்குதுன்னு மெரியம்-வெப்ஸ்டரே சொல்லுது. அதனால நான் மெயில்ல அதை விட்டுட்டு நேரா 'ப்ளீஸ் ரெவ்யூ'ன்னு எழுதிடறேன்.

'ஃபராகோ', அதாவது கண்டதையும் போட்டுக் குழப்பின கலவை, நமக்கெல்லாம் சசி தரூர் 2017ல போட்ட ட்வீட்டால தெரிஞ்ச வார்த்தை. அன்னிக்கு நாடே டிக்‌ஷனரியத் தேடுச்சு. ஏதோ பெரிய தத்துவச் சொல்லுன்னு நான் நெனச்சிருந்தேன், லத்தீன்ல அது மாட்டுக்குப் போடற கலப்புத் தீவனம், கம்பு சோளம் தவிடு எல்லாம் ஒண்ணா கலந்து வைப்போமே, அதேதான். எங்க ஆயா தினம் தொட்டியில கலக்கினதுக்கு இவ்வளவு பெரிய பேரு இருக்குன்னு தெரிஞ்சப்போ அந்த வார்த்தை மேல இருந்த பயமே போயிடுச்சு. 2018ல அவரு போட்டாரே இருபத்தொம்போது எழுத்து, 'ஃப்ளாக்ஸிநாஸிநிஹிலிபிலிஃபிகேஷன்', அதையும் பிரிச்சுப் பாத்தா நாலு லத்தீன் சொல்லு, கம்பளித் துணுக்கு, அற்பம், ஒண்ணுமில்லை, ஒரு முடி. நாலுமே மதிப்பு இல்லாததுக்குச் சொல்றது. ஒண்ணுத்துக்கும் ஆகாதுன்னு ஒதுக்கறது, நம்ம ஊர்ல முடிக்குச் சமானம்னு சொல்றோம்ல, அதே எண்ணம் ரோமாபுரிலயும் இருந்திருக்கு. ஆனா இதை ஆபீஸ்ல யூஸ் பண்ணாதீங்க, படிக்கறவங்களுக்கு நின்னு மூச்சு வாங்கும்.

மெரியம்-வெப்ஸ்டர்கிட்ட எனக்குப் பிடிச்சது இன்னொண்ணு, தான் பண்ணின தப்பைத் தானே சொல்றது. 1934ல வந்த அவங்களோட பெரிய அகராதில 'டோர்ட்'னு ஒரு வார்த்தை, அடர்த்தின்னு அர்த்தம் போட்டு அச்சாயிடுச்சு. அப்படி ஒரு வார்த்தையே கிடையாது. 'டி ஆர் டி', அதாவது பெரிய டி அல்லது சின்ன டி, அடர்த்திக்கான சுருக்கம்னு வேதியியல் எடிட்டர் எழுதின சீட்டை யாரோ ஒரே வார்த்தையா படிச்சுட்டாங்க. 1939லதான் கண்டுபிடிச்சாங்க, அதுக்கப்புறமும் சில வருஷம் அச்சுல இருந்துச்சு. இந்தக் கதையை அவங்களே எழுதி வெச்சிருக்காங்க. இப்படிப்பட்டவங்ககிட்டதான் நான் வார்த்தை வாங்குவேன்.

நாலாவது அனு கர்கோட 'எ வேர்ட் எ டே' மெயில். இந்தியாவுல பொறந்து அமெரிக்கா போன கம்ப்யூட்டர் ஆளு, 1994லேருந்து அனுப்பறாரு, வாரத்துக்கு ஒரு தலைப்பு, திங்கள்லேருந்து வெள்ளி வரைக்கும் அஞ்சு வார்த்தை. தலைப்பு இருக்கறதால அஞ்சும் ஒண்ணோட ஒண்ணு கை கோத்துக்கிட்டு மனசுல நிக்கும். காலைல டீயோட படிக்க இதை விட நல்லது இல்ல. ரொம்ப எழுத ஒண்ணும் இல்ல, சேர்ந்து பாருங்க.

இந்த ஒரு வருஷத்துல என் வாயில நெஜமாவே வந்து உக்காந்த வார்த்தைங்க சிலது சொல்றேன். 'பெட்ரிக்கோர்', மண்வாசனை. இது பழைய சொல்லு இல்ல, 1964ல ஆஸ்திரேலியாவுல இசபெல் ஜாய் பேர், ரிச்சர்டு தாமஸ்னு ரெண்டு விஞ்ஞானிங்க உண்டாக்கினது, கிரேக்கத்துல 'பெட்ரா'ன்னா கல்லு, 'இக்கோர்'னா தெய்வங்களோட நாடியில ஓடற திரவம். அவங்க கட்டுரையிலயே உத்தரப் பிரதேசத்துல கன்னோஜ் ஊர்ல மண்வாசனையை சந்தன எண்ணெயில பிடிச்சு அத்தரா விக்கறதைக் குறிப்பிட்டிருக்காங்க. பேரு இல்லாம இங்கிலீஷ் இவ்வளவு நாள் இருந்திருக்கு, நமக்கு மண்வாசனைங்கற சொல்லு பாட்டி காலத்துலேருந்து இருக்கு, மழை பெஞ்சா வாசல்ல நின்னு மூச்சை இழுத்துக்கிட்டே சொல்வோம்.

'அல்ட்ராக்ரெபிடேரியன்'. அப்பெல்லஸ்னு ஒரு கிரேக்க ஓவியர், படத்துல செருப்பு தப்பா இருக்குன்னு ஒரு செருப்புத் தைக்கறவர் சொன்னதும் மாத்திட்டாராம், மறுநாள் அவரே வந்து காலும் சரியில்லன்னாராம், செருப்புக்கு மேல போகாதேன்னு ஓவியர் சொன்னாராம். பிளினிங்கற பழைய ரோமானிய எழுத்தாளர் எழுதி வெச்ச கதை, அதை வெச்சு 1819ல வில்லியம் ஹாஸ்லிட்னு ஒரு இங்கிலீஷ் கட்டுரையாளர் இந்த வார்த்தையைப் புழக்கத்துல விட்டாரு. தனக்குத் தெரியாத விஷயத்துல கருத்து சொல்றவங்க. கதையில அந்தத் தொழிலாளியை மட்டம் தட்டறது எனக்குப் பிடிக்கல, செருப்பு விஷயத்துல அவருதானே சரியா சொன்னாரு. தமிழ்ல அதிகப்பிரசங்கின்னு ஒரே சொல்லுல முடிச்சுடறோம், யாரோட தொழிலையும் இழுக்காம.

'மாண்டெக்ரீன்' எங்க வீட்டுல தினம் புழங்குது. பாட்டு வரியைத் தப்பா கேட்டு வேற வார்த்தையா பாடறது. 1954ல சில்வியா ரைட்டுன்னு ஒரு எழுத்தாளர் வெச்ச பேரு, சின்ன வயசுல ஸ்காட்லாந்து கதைப்பாட்டு ஒண்ணுல, அவனைப் புல்வெளியில கிடத்தினாங்கங்கற வரியை லேடி மாண்டெக்ரீன்னு ஒரு பொம்பளை பேரா கேட்டிருக்காங்க. பையன் பாடற பாதி சினிமாப் பாட்டு இந்த வகைதான், இப்ப அதுக்கு ஒரு பேரு கிடைச்சுடுச்சு.

'க்ளபெல்லா', ரெண்டு புருவத்துக்கும் நடுவுல இருக்கற இடம், லத்தீன்ல முடியில்லாம வழவழன்னு இருக்கறதுன்னு அர்த்தம், நமக்கு பொட்டு வைக்கற இடம். 'பாண்டிகுலேஷன்', காலைல எழுந்ததும் சோம்பல் முறிக்கறது. இதெல்லாம் பேச்சுல சொன்னா யாருக்கும் புரியாது, டாக்டர்களும் ஆராய்ச்சி பண்றவங்களும் எழுத்துல புழங்கறது, நான் தெரிஞ்சு வெச்சுக்கிட்டேன், அவ்வளவுதான்.

குறைன்னு சொல்லணும்னா, எட்டிமான்லைன் தனியா ஒரு டிக்‌ஷனரியா போதாது. அது வேருக்கான இடம், இன்னிக்கு எந்தத் தொனியில சொல்றாங்கன்னு பாக்க வேற இடம் வேணும், அதனாலதான் மெரியம்-வெப்ஸ்டரையும் சேர்த்து வெச்சிருக்கேன். விளக்கமெல்லாம் இங்கிலீஷ்லதான், சுருக்கெழுத்து நெறைய, பழைய பிரெஞ்சு, நடு இங்கிலீஷ்னு ஒரே மூச்சுல நாலு மொழி ஓடும், பத்தாவது படிக்கற புள்ளைங்க தனியா உக்காந்தா திணறும், கூட ஒரு பெரியவங்க இருந்தா நல்லா இருக்கும். பேங்க் எக்ஸாமுக்கு அவசரமா வார்த்தை மனப்பாடம் பண்றவங்களுக்கு இது மெதுவான வழி, ஆனா மாசம் பத்து வார்த்தை போனாலும் பத்தும் நிக்கும். ஹாப்சன்-ஜாப்சன் நூத்தம்பது வருஷத்துக்குக் கிட்ட பழசு, ஆளுற இனத்தோட பார்வையில எழுதினது, அதை மனசுல வெச்சுக்கிட்டுத்தான் படிக்கணும்.

மார்க்கு போடச் சொன்னா எட்டிமான்லைனுக்கு அஞ்சுக்கு அஞ்சு, மெரியம்-வெப்ஸ்டர் மெயிலுக்கு நாலரை, அனு கர்குக்கு நாலரை, ஹாப்சன்-ஜாப்சனுக்கு நாலு. நாலுக்கும் சேர்த்து நான் செலவு பண்ணினது டேட்டா மட்டும்தான். முதல் தடவை போறவங்க பெரிய வார்த்தை எதையும் தேடாதீங்க, உங்க வீட்டுல தினமும் புழங்கற ஒரு இங்கிலீஷ் வார்த்தையைத் தட்டுங்க. என் பையன் இந்த வாரம் 'கஸின்'ல நிக்கறான், லத்தீன்ல 'கொன்சொப்ரினுஸ்', அதுக்கு அர்த்தம் அம்மாவோட அக்கா தங்கச்சி புள்ளைங்கன்னு படிச்சுட்டு, சித்தி பொண்ணுக்கு போன் போட்டுக்கிட்டு இருக்கான்.